பகல் நித்திரை

விழித்தபோது ஜெயகௌரியின் வலது கையில் சோற்றுப் பருக்கைகள் காய்ந்து ஒட்டியிருந்தன. சாப்பாட்டு மேசையில் தலை சாய்ந்திருந்த இடத்தில் ஒரு சின்னத் தலையணை செருகப்பட்டிருந்தது. பாதி உண்ட சோற்றுக் கோப்பை ஈ மொய்க்காமல் இன்னொரு கோப்பையால் மூடி வைக்கப்பட்டிருந்தது. வெயில் முற்றத்தை விட்டு விலகிப் பக்கத்து வளவு மாமரத்தின் உச்சியில் மட்டும் மஞ்சளாக நின்றது. ஒழுங்கையில் ரியூசனுக்குப் போகும் பிள்ளைகளின் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. அப்போதும் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உடம்பு முழுவதும் யாரோ தேங்காயெண்ணெய் தேய்த்து வார்த்துவிட்டது போல இருந்தது. இப்படி உறங்கி எவ்வளவு காலம் என்றுதான் முதலில் நினைத்தாள். அதன் பிறகுதான் ரியூசன் பிள்ளைகள் பின்னேரத்தில் அல்லவா போவார்கள் என்ற எண்ணம் வந்தது. பல்கலைக்கழகத்தில் பீடக் கூட்டம் இரண்டு மணிக்கு.

"இஞ்சாருங்கோ!" என்று கத்தினாள். "இஞ்சாருங்கோ, என்ரை போன் எங்கை?"

இராசநாயகம் குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தார். தபாற்கந்தோரில் இருந்து ஓய்வு பெற்ற பின் சமையல் அவருடையது. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்திருக்கிறார், விரலில் தோல் ஒட்டியிருந்தது. அவள் நன்றாக உறங்கியதைப் பார்த்த மகிழ்ச்சி முகத்தில் அப்படியே இருந்தது.

"அறையிலை வைச்சிருக்கிறன். சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. நிப்பாட்டிப்போட்டன்."

"ஏன் எழுப்பேல்லை?"

"கையிலை சோத்தோடையே நித்திரையாப் போனீர். எழுப்ப மனம் வரேல்லை."

அவள் எழுந்து ஓடிய விதத்தைப் பார்த்த பிறகுதான் அவர் முகத்திலிருந்த அந்த மகிழ்ச்சி மெல்ல இறங்கியது.

தொலைபேசி உயிர் பெற்றதும் தவறிய அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. துறை எழுதுவினைஞர், பீடாதிபதி, திரும்பவும் பீடாதிபதி. அவற்றுக்கிடையில் ஜெனிற்றாவின் வட்ஸ்அப் செய்திகள். 'மிஸ் கூட்டம் தொடங்கிட்டுதா?' 'மிஸ் முடிஞ்சுதா?' கடைசியாக வெறும் 'மிஸ்?' அதன் பிறகு எதுவும் இல்லை.

பீடாதிபதி நமசிவாயம் உடனேயே எடுத்தார். அவர் குரலில் கோபம் இல்லாததே அவளுக்குப் பயமாக இருந்தது.

"மேடம், உங்களுக்காகக் கொஞ்ச நேரம் பாத்தனாங்கள். எண்பது வீத வரவு காணாத ஆக்களின்ரை விசயம் ஒவ்வொண்டா எடுக்க நேரமில்லை. துறைத்தலைவர் வந்து கதைச்ச ஆக்களுக்கு மட்டும் விலக்கு குடுத்தது. மற்ற ஆக்கள் பரீட்சை எழுத ஏலாதெண்டு ஒரேயடியா முடிஞ்சுது."

"அந்தப் பிள்ளையின்ரை தாய் பாரிசவாதத்திலை படுக்கையிலை சேர். அதைச் சொல்லத்தான்..."

"தெரியும் மேடம். ஆனால் பிள்ளைக்கு வருத்தமில்லையே. மருத்துவச் சான்றிதழ் தாயின்ரை. அதை ஆராவது நிண்டு விளங்கப்படுத்தியிருக்க வேணும். எனக்கு முழு விபரமும் தெரியாதே." சிறிது நிறுத்திவிட்டுக் கேட்டார்: "உங்களுக்கு ஏதும் சுகமில்லையோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் போதும், அவரும் நம்பியிருப்பார். "இல்லை சேர். நித்திரையாப் போனன்," என்றாள். "சரி மேடம், பிறகு கதைப்பம்."

ஜெனிற்றா புவியியல் சிறப்புக் கற்கையின் இறுதி வருட மாணவி. வடக்குக் கடற்கரையில் மயிலிட்டிப் பிள்ளை, தகப்பன் கடற்றொழிலாளி. காலையில் தாயைக் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்க வைத்துவிட்டு இரண்டு பஸ் மாறி வருவாள். அயலில் ஒரு பெண் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தவரை வந்தாள். அந்தப் பெண் தன் மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று கிளிநொச்சி போனதும் வரவு குறையத் தொடங்கியது. திங்கட்கிழமை இறுதிப் பரீட்சை தொடங்குகிறது. இப்போது எழுத முடியாவிட்டால் அடுத்த வருடம், தனக்குப் பின் வந்தவர்களோடு. "நான் கதைக்கிறன், நீ யோசிக்காதை" என்று ஜெயகௌரிதான் சொல்லியிருந்தாள். அதைச் சொன்னபோது அந்தப் பிள்ளை அழவில்லை, நன்றி சொல்லவும் இல்லை. தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு பஸ் போய்விடும் என்று ஓடினாள்.

துறைத்தலைவியாகி இரண்டாவது வருடம் நடக்கிறது. முன்பு ஜெயகௌரிக்கு வேலை என்றால் படிப்பிப்பதும் எழுதுவதும். இப்போது அவள் படிப்பிப்பது இடைவேளைகளில். தர மதிப்பீட்டுக்கு வருபவர்களுக்கு மரக்கன்று நடும் இடம் காட்டுவது, விரிவுரையாளர் இருவர் ஒருவரோடொருவர் கதைக்காததைத் தீர்த்துவைப்பது, கொழும்பிலிருந்து நேற்றுக் கேட்டு இன்று வேண்டுமென்ற பாடத்திட்டத்தை எழுதுவது என்று நாள் போய்விடும். மாநாடுகளுக்கு பாங்கொக், ஒஸ்லோ என்றெல்லாம் போய் வந்திருக்கிறாள். அந்த ஊர்களில் அவளுக்கு ஞாபகம் இருப்பது ஹோட்டல் அறையின் இஸ்திரிப் பெட்டியும், விடியப்புறம் எழும்பித் திருத்திய விடைத்தாள்களும்தான். ஒஸ்லோவில் பனி பெய்தது என்று படங்களைப் பார்த்து மற்றவர்கள் சொன்னார்கள்.

அன்று காலை வட்டுக்கோட்டையில் ஒரு பாடசாலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கருத்தரங்கு. முடித்துக்கொண்டு ஸ்கூட்டியில் பல்கலைக்கழகம் திரும்பும் வழியில், மானிப்பாய் இடையில்தானே, வீட்டில் ஒரு வாய் சோறு தின்றுவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். பிஸ்கட்டும் பிளேன்ரீயுமாகப் பல மதியங்கள் போயிருந்தன. கூட்டத்தில் நின்று பேச வேண்டும். வெறும் வயிற்றோடு நின்றால் குரல் நடுங்கும். அவ்வளவுதான் அவள் செய்தது.

போனில் அவள் கதைத்ததைக் கேட்டிருந்த இராசநாயகம் விளக்கு வைக்கும் நேரம் அவள் முன்னால் வந்து நின்றார். உட்காரவில்லை.

"நான் வழமையான மீற்றிங் எண்டு நினைச்சன் கௌரி."

அவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"நீர் எல்லா மீற்றிங்கையும் ஒரே மாதிரித்தானே சொல்லுறனீர். போகவேணும், போகவேணும் எண்டு. எது பெரிசு எது சின்னன் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? அந்தப் பிள்ளையைப் பற்றி நீர் ஒருநாளும் என்னோடை கதைக்கேல்லை."

கத்துவதற்கு அவளிடம் சொற்கள் இருந்தன. மத்தியானம் போனை அவர் அணைத்த அந்தக் கணத்தை எடுத்து அவர் முன்னால் வைத்து, இதுதான், இந்தக் கைதான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னது உண்மை. ஜெனிற்றாவைப் பற்றிச் சொல்ல ஒரு வேளை கிடைக்கவில்லை என்பதல்ல; வீட்டுக்கு வரும்போது சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. வந்ததும் செருப்பைக் கழற்றுவாள், கொம்பியூற்றரைத் திறப்பாள், பக்கத்தில் அவர் கொண்டுவந்து வைக்கும் தேத்தண்ணி ஆடை கட்டி ஆறும். மகன் மெல்பேர்னிலிருந்து எடுத்தால்கூட 'அம்மா மீற்றிங்கிலை' என்று அவர்தான் பதில் சொல்வார். அவருடைய அந்த நாட்களை யோசிக்க அவளுக்குக் களைப்பாக இருந்தது. கோபப்படவும் களைப்பாக இருந்தது.

"நாளைக்கு மயிலிட்டிக்குப் போகப்போறன்," என்றாள். "போனிலை சொல்ல ஏலாது."

"நானும் வாறன்."

"நீங்கள் என்னத்துக்கு?"

"இந்தக் களைச்ச கண்ணோடை உம்மை ஸ்கூட்டியிலை விடமாட்டன். பஸ்ஸிலை போவம்."

மறுநாள் சனிக்கிழமை. யாழ்ப்பாணம் போய் மயிலிட்டி பஸ்ஸில் ஏறினார்கள். யன்னல் பக்கத்தை அவர் அவளுக்கு விட்டார். பஸ் ஓடத் தொடங்கியதும் அவள் உடம்பு தானாகவே ஒரு பழைய நிலைக்குப் போனது: தோள் யன்னலில், கைப்பை மடியில், கண் வெளியில். துறைத்தலைவி ஆகுமுன் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிலையத்துக்குப் போய் முதலில் புறப்படுகிற பஸ் எதுவோ அதில் ஏறுவாள். அது போய் நிற்கிற கடைசி இடம்வரை போவாள். அங்கே இருக்கிற கடையில் ஒரு பிளேன்ரீ குடிப்பாள், கொஞ்சம் நடப்பாள், அதே பஸ்ஸில் திரும்பி வருவாள். காரைநகர், குறிகட்டுவான், பருத்தித்துறை, பெயர் தெரியாத குச்சொழுங்கை முடிவுகள். ஆராய்ச்சியா என்று கேட்டவர்களுக்கு இல்லை என்றாள். வேறென்ன என்றதற்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கே போகிறோம் என்று முடிவெடுக்கத் தேவையில்லாத ஒரு நாள் வாரத்தில் வேண்டியிருந்தது. இராசநாயகம் ஒருமுறையும் கூட வந்ததில்லை. தேத்தண்ணி குடிக்க உவ்வளவு தூரம் போகவேணுமோ என்று சிரிப்பார்.

சுன்னாகம் தாண்டிச் செம்மண் தோட்டங்கள் வந்தன. தண்ணீர் இறைத்த வெங்காயப் பாத்திகள் வெயிலில் பளபளத்தன. தெல்லிப்பழைக்கு அப்பால் புது வீடுகளும் கூரையில்லாத பழைய வீடுகளும் மாறி மாறி வந்தன. சில சுவர்களுக்குள் ஆலமரம் வளர்ந்து யன்னல் வழியாகக் கிளை நீட்டியிருந்தது. இராசநாயகம் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி வந்தார்.

"உதையெல்லாம் பாத்துக்கொண்டுதான் போறனீரோ?"

"ஓம்."

"நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு, அவளுக்குக் கேட்கவேண்டும் என்றுமில்லாமல், கேட்கக்கூடாது என்றுமில்லாமல் சொன்னார்: "ஒருக்கால் கூப்பிட்டிருக்கலாம்."

தான் கூப்பிடவில்லையா, அவர் வரவில்லையா என்று அவளுக்கு நினைவில்லை. பஸ்ஸின் இரைச்சலில் அந்தப் பேச்சு அப்படியே போயிற்று.

ஜெனிற்றாவின் வீடு துறைமுகத்துக்குக் கொஞ்சம் உள்ளே, வீட்டுத் திட்டத்தில் கட்டிக்கொடுத்த வீடு. பூசாத சுவர். பின்னால் அவர்களுடைய பழைய வீட்டின் அத்திவாரம் புல்லுக்குள் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. போரில் இடம்பெயர்ந்தவர்களின் முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளை அவள்; இந்த மண்ணுக்கு வந்ததே பத்தாம் வகுப்புப் படிக்கும் வயதில். படலைக்கு வந்தவள் இருவரையும் பார்த்ததும் உடுப்பைச் சரிசெய்தாள். கையில் ஈரத் துணி இருந்தது.

"மிஸ்... வாங்கோ மிஸ். உள்ளுக்கு வாங்கோ."

முன்னறையிலேயே கட்டில். அதில் தாய் படுத்திருந்தாள். முகத்தின் ஒரு பக்கம் இழுத்திருந்தது, மற்றப் பக்கத்துக் கண் மிகவும் கூர்மையாக இருந்தது. டெற்றோலும் அவித்த அரிசியும் கலந்த வாசம். கதிரைகள் இரண்டு. ஜெனிற்றா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். பிளேன்ரீ போடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் ஜெயகௌரி. வழியெல்லாம் அவள் ஒரு வசனத்தைத் தயார் செய்து வந்திருந்தாள். தவிர்க்க முடியாத காரணம் என்று தொடங்கும் வசனம். கட்டிலில் இருந்து பார்த்த அந்த ஒற்றைக் கண்ணுக்கு முன்னால் அது வாய்க்குள் வரவில்லை.

"ஜெனிற்றா, நான் நேற்று கூட்டத்துக்குப் போகேல்லை. வீட்டை வந்து சாப்பிட்டனான். சாப்பிட்ட இடத்திலையே நித்திரையாப் போனன். எழும்பேக்கை எல்லாம் முடிஞ்சுது. வேறை ஒரு காரணமும் இல்லை."

ஜெனிற்றா துணியை மடித்தாள். விரித்து மீண்டும் மடித்தாள்.

"பிள்ளை, அவவிலை பிழையில்லை," என்றார் இராசநாயகம். "நான்தான் எழுப்பேல்லை. போனையும் நான்தான் நிப்பாட்டினனான். களைச்சுப்போய் இருந்தா. பாவமாக் கிடந்தது."

ஜெனிற்றா முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. ஏதோ ஒரு வெளிநாட்டுப் பொருளை யாரோ காட்ட, அது எப்படி வேலை செய்யும் என்று பார்ப்பது போலப் பார்த்தாள்.

"மிஸ்ஸுக்கு எழுப்பாமல் விட ஒராள் இருக்கிறார்," என்றாள்.

கடல் இரைந்தது. ஜெயகௌரிக்கு மாணவர்கள் முன்னால் எத்தனையோ முறை வார்த்தை முட்டியிருக்கிறது. அப்போதெல்லாம் தண்ணீர் குடிப்பதுபோல் செய்து சமாளிப்பாள். இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

"திங்கள் காலமை துணைவேந்தரைப் பாப்பன்," என்றாள் கடைசியில். "பிழை என்ரை எண்டு எழுதிக் குடுப்பன். ஆனால் நடக்குமெண்டு உனக்கு இப்ப சொல்லமாட்டன். முந்திச் சொன்னதே போதும்."

"திங்கள் காலமை முதல் பேப்பர் மிஸ்."

"ஓம்."

"சரி மிஸ்."

அந்தச் 'சரி' கோபமாக வந்திருந்தால் தாங்கியிருக்கலாம். தாய் தொண்டைக்குள் ஏதோ ஒலி எழுப்பினாள். ஜெனிற்றா சட்டென்று எழுந்தாள். எழுந்த வேகத்தில் தலை சுற்றியிருக்கவேண்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். பிறகு தாயின் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தாள். ஜெனிற்றாவின் கண்ணைச் சுற்றிய கருவளையம், கன்னத்தில் எலும்பு தெரிந்த விதம், இமைகள் பாதியில் நின்று நின்று திறப்பது. அந்த முகத்தை ஜெயகௌரிக்குத் தெரியும். தினமும் பல் விளக்கும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம். தனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இவளுக்கு அதில் பாதி இல்லை.

இராசநாயகம் எழுந்து போய்க் கட்டிலின் மற்றப் பக்கத்தில் நின்றார். "அப்பிடியில்லை பிள்ளை. விரிச்ச சீலையோடை சேத்துத் தூக்கினால் உன்ரை முதுகு நாரி நோகாது." தன் தகப்பனைப் படுக்கையில் இரண்டு வருடம் பார்த்தவர் அவர். இருவருமாகத் தாயைத் திருப்பினார்கள். முதுகில் புண் இல்லை. ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. அதைப் பார்த்ததும் ஜெயகௌரிக்குக் கண் கலங்கியது. எண்பது வீத வரவு என்று பேசிய அந்த மண்டபத்தில் அவள் நின்று சொல்லியிருக்கவேண்டியது இதைத்தான். புண் இல்லாத இந்த முதுகை எப்படிச் சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நீ போய்ப் படு," என்றாள்.

"என்ன மிஸ்?"

"நாங்கள் அம்மாவைப் பாக்கிறம். நீ படு."

"ஐயோ, வேண்டாம் மிஸ். இப்ப கஞ்சி வைக்கவேணும். அப்பா வாற நேரம்."

"கஞ்சி நான் வைப்பன்," என்றார் இராசநாயகம். "அரிசி எங்கை இருக்கு?"

"மிஸ், நீங்கள் போய்... உங்களுக்கு எவ்வளவு வேலை இருக்கும்."

"இருக்கு," என்றாள் ஜெயகௌரி. "படு பிள்ளை."

ஜெனிற்றா தாயைப் பார்த்தாள். தாயின் நல்ல கண் ஒருமுறை மூடித் திறந்தது. அது சம்மதமோ வெறும் இமைப்போ தெரியவில்லை. வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த இடத்தில் ஜெனிற்றா பாயைப் போட்டாள். உள்ளறைக்குப் போகவில்லை, கூப்பிட்டால் கேட்கவேண்டும். "கொஞ்ச நேரந்தான் மிஸ்," என்றாள். படுத்தபடியே, கஞ்சிக்கு உப்பு அரைவாசிதான் போடவேணும், அம்மாவுக்குப் பிரஷர், குடிக்கக் குடுக்கேக்கை தலையை நிமித்தி வைச்சு அந்தச் சின்னக் கரண்டியாலை, கரண்டி வந்து... என்று சொல்லிக்கொண்டே போனாள். கரண்டி எங்கே என்பது வரவில்லை. வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றுவிட்டது.

கரண்டியை இராசநாயகம் தேடிக் கண்டுபிடித்தார். ஜெயகௌரி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, ஆறிய கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். முதல் இரண்டு கரண்டியும் வாயோரத்தால் வழிந்தன. மூன்றாவதில் எவ்வளவு சாய்க்கவேண்டும் என்று கை பழகியது. தாய் விழுங்கிவிட்டு அவளையே பார்த்தாள். யார் நீ, என்னத்துக்கு வந்தாய் என்று அந்தக் கண் கேட்டிருக்கலாம். ஜெயகௌரி பதில் சொல்ல முயலவில்லை. இன்னொரு கரண்டி கொடுத்தாள். பாயில் ஜெனிற்றா புரண்டு, முழங்காலை மடித்து, ஒரு கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டாள். மூச்சு சீராக வந்தது. குசினியில் இராசநாயகம் சத்தமில்லாமல் சட்டி கழுவ முயன்றார். முடிந்தவரை.

ஜெனிற்றாவுக்கு அந்த வருடம் போய்விட்டதோ இல்லையோ தெரியாது. திங்கட்கிழமை துணைவேந்தர் அறை வாசலில் நிற்கும்போது என்ன சொல்லப்போகிறோம் என்றும் தெரியாது. சொன்னாலும் விதி விதிதான் என்பார்கள். அவளும் துறைத்தலைவிக் கதிரையில் இருந்து பலருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறாள். இருந்தும் அந்த வேளையில், கஞ்சிக் கோப்பையோடு அந்தக் கட்டிலில் இருக்கும்போது, அதற்கப்பால் எதையும் யோசிக்க அவளால் முடியவில்லை.

வெளியே படலை திறந்தது. கிறிஸ்ரோபர், ஜெனிற்றாவின் தகப்பன், கடலிலிருந்து வந்திருந்தார். சாரத்தை முழங்காலுக்கு மேல் கட்டி, நனைந்த பெனியனோடு, ஓலைக்கயிற்றில் கோத்த இரண்டு மீன்களைக் கையில் பிடித்திருந்தார். வாசற்படியில் கால் வைத்தவர், தன் வீட்டுக் கட்டிலில் சேலை கட்டிய ஒரு பெண் இருப்பதைக் கண்டு திடுக்கிட்டு நின்றார்.

"ஆர் நீங்க..."

ஜெயகௌரி விரலை உதட்டில் வைத்தாள். கீழே காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். வெளிச்சம் விழும் இடத்தில், அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளி, மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே வரவும் இல்லை, பின்னால் போகவும் இல்லை. மீனின் வாலிலிருந்து தண்ணீர் சீமெந்துப் படியில் விழுந்தது. ஒரு துளி, பிறகு இன்னொன்று. அந்தச் சத்தம் கேட்டுவிடுமோ என்பதுபோல, அவர் மற்றக் கையை விரித்து அதற்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றார்.